மரியாதையில் ஒளித்த சேதி

செல்போன் கடையில் அந்தப் பெண் முதலில் கேட்ட கேள்வி எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. மேசைக்கு மேல் குனிந்து மறுபடி கேட்டாள்.

"யாருக்குத் தெரியக்கூடாது தாத்தா?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் சார்ஜர் வாங்க வந்தவர், இன்னொருவர் சும்மா நிற்க வந்தவர். சும்மா நிற்க வந்தவர்தான் போவதாக இல்லை. அவர் போகும்வரை நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் சொன்னேன்.

"எங்க மாப்ளைக்கு."

என் மகளைச் சேத்தியாத்தோப்புக்கு உள்ளே ஒரு ஊரில் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை நெல் அறுக்கும் மிஷின் வைத்து ஓட்டுகிறவர். பெண் கொடுப்பதற்கு முன்னால் நான் விசாரித்ததெல்லாம் குடிப்பாரா, சீட்டாடுவாரா என்றுதான். இரண்டும் கிடையாது. கை நீட்டுவாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் மனைவி உயிரோடு இருந்திருந்தால் அவள் கேட்டிருப்பாள்.

பொங்கலுக்கு வந்தபோது மகளின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. குளிக்கிற இடத்தில் வழுக்கிவிட்டது என்றாள். பேத்தி மூன்றாம் வகுப்பு. அம்மா பொய் சொல்லுது தாத்தா என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிப்போனாள். அன்றைக்குத்தான் மகள் வாய் திறந்தாள். அடி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் கையை நீட்டுவார், இவள் போனைக் கொடுக்க வேண்டும். யார் கூப்பிட்டது, என்ன பேசினாய், இது எதற்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நீ போனால் போ, பிள்ளை இங்கேதான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

பிள்ளையோடு வெளியே வந்துவிட வேண்டும் என்பது மகளின் முடிவு. அவள் நர்ஸ் படிப்புப் படித்தவள். அந்தச் சர்ட்டிபிகேட், பேத்தியின் பிறப்புச் சான்று, ஆதார் எல்லாம் பீரோவுக்குள். சாவி அவர் அரைஞாணில். மிஷினை எடுத்துக்கொண்டு வெளியூர் அறுப்புக்குப் போகும் நாளில் மட்டும் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். எந்த நாள் போவார் என்று அவருக்கே முதல் நாள் வரை தெரியாது. அந்த நாளில் நான் அங்கே போய் நிற்க வேண்டும். எங்கள் பக்கம் ஒரு பெண் தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் தெருவே நிறுத்திக் கேட்கும். பெற்றவன் போய் அழைத்தால் மாமியார்கூட மறிக்கமாட்டாள். ஆகவே மகள் எனக்கு ஒரே ஒரு சேதி சொன்னால் போதும்: இன்றைக்கு வா.

அந்த ஒரு வார்த்தையை எதில் சொல்வது என்பதுதான் கேள்வி.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பீங்கான் கம்பெனியில், மண் அரைக்கிற பால் மில்லில் வேலை பார்த்தவன். பெரிய இரும்பு உருளைக்குள் மண்ணையும் கூழாங்கல்லையும் தண்ணீரையும் போட்டு நாள் முழுக்க உருள விடுவோம். மண் மாவாகிக் குழம்பாக வரும். அதிலிருந்துதான் பியூஸ் கட்டை, பொம்மை எல்லாம். அந்தச் சத்தத்தில் பேச்சைக் காதால் கேட்கிற பழக்கமே கிடையாது. எதிரில் நிற்பவன் வாயைப் பார்த்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த உருளை என் தலைக்குள் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. நேரில் யாராவது பேசினால் சமாளித்துவிடுவேன். போனில் வாய் தெரியாது. பேச்சின் முன்பாதி விழும், வால்பாதி கரைந்துவிடும்.

பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் போர்டு படிப்பேன், கடை போர்டு படிப்பேன். போனில் பொடியாக ஓடும் எழுத்து எனக்கு வராது. இதையும் நான் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர்தான் எழுதுகிறார், மகளிடம் சம்மதம் கேட்டுக்கொண்ட பிறகு. எனக்கு வரும் சேதியெல்லாம் வாய்ஸ்தான். அதையும் ஸ்பீக்கரில் முழுச் சத்தம் வைத்தால்தான் கேட்கும். பல நாள் எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடும்.

ரகசியம் என்பதே எங்கள் ஆட்களுக்குப் பழக்கம் இல்லாத ஒன்று. எங்கள் அப்பா இறந்த சேதி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? நல்லூர்ப் பக்கமிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தி, வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். வாட்ச்மேன் கேன்டீனில் சொன்னார். கேன்டீன்காரர் சூளையில் சொன்னார். கம்பெனியில் அத்தனை பேருக்கும் தெரிந்த பிறகு, மில்லின் சத்தத்துக்குள் நின்றிருந்த எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அப்படி வளர்ந்தவன் எழுபது வயதுக்கு மேல் போய் போனுக்கு ரகசிய ஆப்பு தேடினேன்.

கடைக்கு நாலைந்து முறை போயிருப்பேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் இல்லாமல் தனியாகக் கடை நடத்துகிறவள். ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. ஆனால் நான் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை.

பொடி எழுத்து வராததால் ஆப்புகளை நான் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பேன். எல்லோரிடமும் இருக்கிற பச்சை வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கினோம். அதைத்தான் அவர் தினமும் திறந்து பார்க்கிறாரே. நீல நிறத்தில் ஒன்றை என் போனில் ஏற்றினாள். என் நம்பரைப் போட்டாள். கடைசிப் பொத்தானை அமுக்கப் போன கட்டைவிரல் அப்படியே நின்றது.

"தாத்தா, உங்க மாப்ள புதுப்படமெல்லாம் டவுன்லோடு பண்ணிப் பாப்பாரா?"

பார்ப்பார் என்றேன். சட்டென்று போனைக் கீழே வைத்துவிட்டாள். படம் இறக்குகிறவர்கள் பாதிப் பேர் இந்த நீலத்தைத்தான் வைத்திருப்பார்களாம். நாம் உள்ளே நுழைந்த உடனே, நம் நம்பரை வைத்திருக்கிறவர்கள் போனில் எல்லாம் இன்னார் வந்துவிட்டார் என்று மணி அடித்துச் சொல்லுமாம். என் மகள் நுழைந்திருந்தால் அவருக்குத்தான் முதல் மணி.

மூன்றாவதாக ஒன்று காட்டினாள். அதில் பேசியது குறித்த நேரத்தில் தானாக அழிந்துபோகும். நடுவில் அந்தக் கம்பெனிக்காரனே நினைத்தாலும் கேட்க முடியாது. ரெண்டு முனையில இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் கேக்கும் தாத்தா என்றாள்.

"அந்த முனையில போனு அவரு கையிலதான்மா இருக்குது" என்றேன்.

யாருக்கும் தெரியாத ஆப்பாக இருந்தாலும் அதன் படம் மகளின் போனில் புதிதாக ஒரு பொட்டுப்போல உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க எழுத்துகூட வேண்டாம், கண் இருந்தால் போதும்.

மாசி மகத்துக்கு எங்கள் விருத்தாசலத்துப் பழமலைநாதரைக் கும்பிட அவர்கள் வந்தார்கள். மகளின் போனில் மேல் கண்ணாடித்தாள் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்ற மாப்பிள்ளையே எங்களைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று பேத்தியை முன்னால் உட்கார வைத்து வண்டியை எடுத்தார். திருவிழாக் கூட்டம். பத்து நிமிஷம் ஆகலாம், ஐந்திலும் வந்துவிடலாம். நான் வாசலை மறித்த மாதிரி நின்றுகொண்டேன்.

கடைக்காரப் பெண் தாளை உரித்தபடியே பச்சை ஆப்புக்குள் எங்கேயோ போய்ப் பார்த்தாள். மகளிடம் திருப்பிக் காட்டினாள். மாப்பிள்ளையின் பழைய போன் ஒன்று அதோடு இணைத்து வைக்கப்பட்டிருந்தது. மகள் என்ன அனுப்பினாலும் அந்த நிமிஷமே அங்கேயும் போகும். சாயங்காலம் வாங்கிப் பார்ப்பது சும்மா, அவர் பகல் முழுக்கவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அறுப்புக்குப் போன ஊரிலிருந்தும் பார்ப்பார். மகளின் முகம் பீங்கான் மண்போல வெளுத்துவிட்டது. கழற்றிவிடு என்றேன். கடைக்காரப் பெண் தலையாட்டி மறுத்தாள். கழற்றினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அப்போது மகள்தான் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், நான் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"பழைய பச்சையிலயே பேசறேன்ப்பா. அவரும் கேக்கட்டும். வார்த்தைய மாத்துனா கண்டுபுடிச்சிடுவாரு. மரியாதைய மாத்துனா தெரியாது. நான் எப்பவும் உன்ன நீ வா போன்னுதான பேசறேன்? என்னிக்கு நீங்கன்னு வருதோ, அன்னிக்குக் கெளம்பி வந்துடு."

புது ஆப்பும் இல்லை, பூட்டும் இல்லை. கடைக்காரப் பெண் தாளை ஒட்டி விரலால் நீவிக்கொண்டே இதுதான் சரி என்றாள். வெளியே வண்டி வந்து நின்றது.

அதன் பிறகு காத்திருந்த நாட்களைச் சொல்லி மாளாது. தினம் ஒரு வாய்ஸ் வரும். சாப்ட்டியா, மாத்திர போட்டியா, வெயில்ல சுத்தாத. முழுச் சத்தத்தில் வைத்து, போனைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அமுக்கிக் கேட்பேன். பேச்சின் வாலைத்தான் எனக்குப் பிடிக்க வராது என்றேனே, சேதியே அந்த வாலில்தான் இருந்தது. சாப்ட்டியாவா, சாப்ட்டீங்களாவா என்று ஒன்றையே பத்து முறை போட்டுக் கேட்பேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, சாப்ட்டேன்னு சொல்லுய்யா, அந்தப் பொண்ணு எத்தன தடவதான் கேக்கும் என்றார்.

பங்குனியில் ஒரு நாள் காலை வந்த வாய்ஸ் வேறு மாதிரி இருந்தது. ஒரு ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினேன். அந்தப் பெண் காதில் மாட்டிக் கேட்டாள்.

"சாப்ட்டீங்களான்னுதான் கேக்கறாங்க தாத்தா. ரெண்டு தடவ கேக்கறாங்க."

அப்படியே பஸ் ஏறிவிட்டேன். துணி போட ஒரு பையை மடித்து எடுத்துப் போனேன். சேத்தியாத்தோப்பில் இறங்கி, உள்ளே போகிற ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், வாசலில் மிஷின் நிற்கிறது. நிழலில் நாற்காலி போட்டு மாப்பிள்ளை டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க மாமா. என்னா திடீர்னு?"

இன்று சேத்தியாத்தோப்பில் சந்தை என்று நினைத்து, கருவாடு வாங்க வந்தேன், வந்த பிறகுதான் சந்தை இல்லை என்று தெரிந்தது, அப்படியே பேத்தியைப் பார்க்கலாமென்று வந்தேன் என்றேன். சம்பந்தியம்மா உள்ளேயிருந்து வந்து என் கையைத்தான் பார்த்தார். மகள் வீட்டுக்கு வருகிறவன் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் பூ இல்லாமல் வந்திருக்கிறேன். காலிப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பயத்தில் செய்த தப்பு. மாப்பிள்ளையும் அதைப் பார்த்தார்.

"வயசாயிடுச்சி மாமாவுக்கு" என்று சிரித்தார். பிறகு என் போனைக் கேட்டார், தன்னுடையதில் சார்ஜ் இல்லை, ஒரு கால் பேச வேண்டும் என்று. மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்கிற மாமனார் எங்கள் பக்கம் கிடையாது. கொடுத்தேன். அவர் யாரையும் கூப்பிடவில்லை. மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரு நம்பரைக் காட்டி இது யார், அடிக்கடி பேசியிருக்கிறீர்களே என்றார். செல் கடை என்று போட்டிருந்தது. காது கேட்கவில்லை, கடை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, சவுண்டு ஏற்றிக் கொடுக்கச் சொல்லிப் போவேன் என்றேன். மகளின் வாய்ஸ்களை ஒன்றிரண்டு போட்டுக் கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"பாத்தீங்களா மாமா, இப்ப எப்டி பேசறான்னு? பெத்த அப்பன நீ வான்னு பேசிட்டிருந்தா. எங்க வூட்ல அந்தப் பழக்கமே கெடையாது. நாந்தான் நேத்து சொல்லித் திருத்துனேன்."

நாங்கள் ஒளித்து வைத்த இடத்தை அவர் தெரியாமலே பெருக்கித் துடைத்து வைத்திருந்தார். மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். என்னைக் கண்டதுமே அவளுக்குப் புரிந்திருக்கும், நான் எதற்கு வந்தேன் என்று. அரைமணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை தனியாகப் பேச வழியில்லை. கிளம்பும்போது வாசல்வரை எல்லோரும் வந்தார்கள்.

"போயிட்டு வாங்கப்பா. ஜன்னலோரமா உக்காருங்க. காத மூடிக்க."

"பாரு, மறுபடியும்" என்றார் மாப்பிள்ளை.

மகள் என் முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். "பழக்கத்துல வந்துடுச்சி. இனிமே தவறாது. தவறுனா ஒரே ஒரு நாளுதான் தவறும்."

பஸ்ஸில் சேத்தியாத்தோப்புப் பாலம் தாண்டும்வரை அதையே சொல்லிப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது. இனி எல்லாம் நீங்க. நீ வருகிற நாள் போக வேண்டிய நாள்.

பேத்திக்குப் பரீட்சை முடிந்த வாரம். வாய்ஸ் வந்தது. எனக்குக் கேட்டதை நான் நம்பவில்லை. ஒரு முறை ஏமாந்தவன். கடைக்காரப் பெண் இரண்டு முறை கேட்டாள். "மாத்திர போட்டீங்களா, சாப்ட்டீங்களா, எல்லாம் நீங்கதான். கடைசியில, தனியா இருக்காதன்னு முடிக்கறாங்க. நீன்னு வந்துடுச்சி தாத்தா. கெளம்புங்க."

இந்த முறை ஆப்பிளும் பூவும் வாங்கிக்கொண்டுதான் போனேன். மிஷின் வாசலில் இல்லை. பேத்திக்கு லீவு, மகளையும் அவளையும் இரண்டு நாள் கூட்டிப் போகிறேன் என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டேன். பையன் வரட்டுமே என்றார். மகனுக்குப் போன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. மிஷின் ஓடும்போது அவருக்கும் என்னைப் போலத்தான், ஒன்றும் கேட்காது. மறுபடி போட்டார். நான் வெற்றிலையை மடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ஆனால் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது முறையும் எடுக்கவில்லை. வாசலில் பேத்தி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, போயிட்டு வாங்க என்றார். மகளின் மணிக்கட்டை அவரும் பார்த்தவர்தானே. பீரோவிலிருந்த பேப்பரெல்லாம் அதற்குள் மகளின் பைக்கு வந்திருந்தன. சாவியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

விருத்தாசலத்தில் கடை வாசலில் வைத்து அந்தப் பழைய போனின் இணைப்பைக் கழற்றினார்கள். மகளுக்குப் புது நம்பர். என் போனிலும் அவள் போனிலும் அந்த அழிகிற ஆப்பு. இப்போது இரண்டு முனையும் எங்கள் கையில். என் போனில் மகளின் பேரைச் செல் கடை என்றே போட்டு வைத்தார்கள். ஜங்ஷனில் இரண்டு பேரையும் ரயில் ஏற்றினேன். எந்த ஊர் என்று சொல்லட்டுமா என்றாள் மகள். வேண்டாம் என்றேன். தெரியாததை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

வாய்ஸைக் கேட்ட பிறகு ஒரு மணி நேரத்தில் அழியும்படி வைத்திருந்தாள் கடைக்காரப் பெண். என் காதுக்கு அவ்வளவாவது வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கிய நேரம்.

மாப்பிள்ளை இரண்டு முறை வந்து வாசலில் கத்திவிட்டுப் போனார். மூன்றாம் முறை தன் அண்ணனோடு வந்தார், அமைதியாக. அதுதான் பயமாக இருந்தது. அவர்கள் வருவதற்குக் கால்மணி நேரம் முன்னால்தான் ஒரு வாய்ஸ் கேட்டிருந்தேன். மகள் எப்போதும்போல ஊர் பேர் இல்லாமல் பேசினாள். ஆனால் பேத்தி குறுக்கே வந்து, தாத்தா நான் புது ஸ்கூல்ல சேந்துட்டேன் என்று ஸ்கூல் பேரையும் ஊர் பேரையும் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்துவிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால். அது அழிய இன்னும் முக்கால் மணி நேரம்.

உட்காரச் சொன்னேன். பால் இல்லை, வாங்கி வருகிறேன் என்று போய்ப் பத்து நிமிஷம் கழித்து வந்தேன். போனை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை, அது அவர் பக்கத்தில் ஜன்னல் கட்டையில் சார்ஜில் இருந்தது. டீ போட்டேன். அவர் கேட்பதற்கெல்லாம் காது கேட்காதவன்போல வேறு எதையோ பதிலாகச் சொன்னேன். அண்ணன்காரருக்குக் கம்பெனியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மாப்பிள்ளை டீயைத் தொடவில்லை.

"கதையெல்லாம் அப்பறம் மாமா" என்று போனை அவரே எடுத்தார்.

முதலில் பச்சையைத் திறந்தார். மகளின் பழைய வாய்ஸ்கள் எல்லாம் அதில் இருந்தன. ஏதாவது கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டார். சாப்ட்டீங்களா, மாத்திர போட்டீங்களா. தான் சொல்லிக்கொடுத்த மரியாதையைத் தானே உட்கார்ந்து கேட்டார், ஒன்றுவிடாமல். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவரும் பார்ப்பார். அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு புது ஆப்பைத் தொட்டார். செல் கடை என்று ஒரே ஒரு பேர். அதையும் திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை.

போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று சொல்லிக் கிளம்பினார். அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு அடித்து எட்டு நிமிஷம். கட்டிலில் கிடந்த போனை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் போனேன். ஒரு மணி நேரம் வேண்டாம், ஐந்து நிமிஷம் வை என்றேன்.

"அஞ்சு நிமிஷத்துல உங்களுக்கு முழுசா கேக்குமா தாத்தா?"

"கேட்ட வரைக்கும் போதும்மா."

அவள் மாற்றிக் கொடுத்தாள். பேத்திக்கும் ஊர் பேர் சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், ஆனால் பிள்ளைதானே. அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். வாய்ஸ் வந்தால் நான் கதவைச் சாத்திவிட்டுத்தான் போடுகிறேன். போன வாரம் பேத்தி ஏதோ நீளமாகச் சொல்லிச் சிரித்தாள். முதல் முறை எதற்குச் சிரிக்கிறாள் என்று விளங்கவில்லை. இரண்டாம் முறை பல் விழுந்துவிட்டது என்பது வரை பிடித்தேன். மூன்றாம் முறை போடுவதற்குள் போய்விட்டது.